எது தலைவரின் சொந்த விஷயம்?

தேர்தல் நெருங்கினால் சங்கரன்கோவில் ரதவீதி டீக்கடைகளில் வேட்பாளரின் சொத்துக்கணக்கைவிட அவருடைய வீட்டுக்கணக்குதான் அதிகம் அலசப்படும். யாருக்கு எத்தனை வீடு, எந்த வீட்டில் ராத்தங்கல் என்பதெல்லாம் அத்துபடி. பிரமாணப் பத்திரத்தில் அவர் எதை எழுதினார், எதை விட்டார் என்று கேட்டால் பதில் வராது.

இந்த ஊரை மட்டும் குறைசொல்வதற்கில்லை. தமிழ்நாட்டின் பெரிய கட்சி ஒன்று பிறந்ததே ஒரு தலைவரின் திருமணத்தை ஒட்டித்தான். 1949 ஜூலையில், எழுபதை நெருங்கிய பெரியார் தம்மைவிடப் பல பத்தாண்டுகள் இளையவரான மணியம்மையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். திராவிடர் கழகம் இரண்டுபட்டது. அண்ணாவும் அவருடைய தம்பிமார்களும் வெளியேறினார்கள். செப்டம்பர் 17ஆம் தேதி தி.மு.க. உருவானது. பொருந்தாத் திருமணம் என்பதுதான் மேடையில் முழங்கிய குற்றச்சாட்டு. இயக்கத்துக்கும் அதன் சொத்துக்கும் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும் என்பது பெரியார் சொன்ன காரணம். அந்தக் காரணமே விவாதத்துக்கு உரியது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வளர்த்த இயக்கத்தின் பொறுப்பு யார் கைக்குப் போகும், அதை ஒருவரே முடிவு செய்யலாமா என்று கேட்க அண்ணாவுக்கு முழு உரிமை இருந்தது. மணமக்களின் வயதைக் கேட்கத்தான் யாருக்கும் உரிமை இல்லை. காலமும் அப்படித்தான் தீர்ப்பளித்தது. 1967இல் வென்ற கையோடு அண்ணா திருச்சிக்குப் போய்ப் பெரியாரைச் சந்தித்தார். பெரியாருக்குப் பின் மணியம்மை கழகத்தை நடத்தினார். வயதுப் பேச்சு அடங்கிவிட்டது. வாரிசுத் தலைமை பற்றிய கேள்வியோ இன்றும் எல்லாக் கட்சி வாசலிலும் நிற்கிறது.

எனவே வயதுவந்த இருவர் மனமொத்து வாழ்வது, பிரிவது, மறுபடி மணப்பது எதுவும் ஊராரின் விசாரணைக்கு உரியதல்ல. அதில் அதிகாரமோ, அரசுப் பணமோ, வற்புறுத்தலோ கலந்துவிட்டால் அந்த நிமிடமே அது சொந்த விஷயம் என்ற தகுதியை இழக்கிறது.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட ‘நக்கீரன்’ முனைந்தபோது எழுந்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் குடும்பம், திருமணம் போன்றவற்றை ஒருவரின் அனுமதியின்றி எழுதுவது அந்தரங்க உரிமை மீறல் என்றது. ஆனால் பொதுப் பதவியில் இருப்பவர் தம் கடமை சார்ந்த செயல்களுக்கு அந்தக் கேடயத்தைப் பிடிக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது. வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் வாழ்க்கைத்துணையின் சொத்தைக் கேட்பதும் வம்புக்காக அல்ல. மனைவி பேரில் நிலம் வாங்கும் கலை நம் ஊரில் பழையது. எந்தப் பத்தியையும் வெறுமையாக விடக்கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்புக் காட்டியது. அதுவரை மனைவி பற்றிய இடத்தை நிரப்பாமலே விட்டுவந்த நரேந்திர மோடி, 2014இல் வதோதராவில் அவர் பெயரை எழுதினார்.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். 2017 மார்ச்சில் கேரள அமைச்சர் ஏ.கே.சசீந்திரன் ஒரு பெண்ணுடன் பேசியதாகச் சொன்ன அந்தரங்கத் தொலைபேசிப் பேச்சை ஒரு தொலைக்காட்சி ஒலிபரப்பியது; அன்றே அவர் பதவி விலகினார். அவரிடம் உதவி கேட்டு வந்த பெண் என்றது தொலைக்காட்சி. கடைசியில் அது தன் பத்திரிகையாளரையே வைத்து விரித்த வலை என்று ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு அவர் மீண்டும் அமைச்சரானார்.

கர்நாடகத்தின் ஹாசனில் நடந்தது வேறு ரகம். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பிரஜ்வல் ரேவண்ணா 2025 ஆகஸ்டில் பாலியல் வன்கொடுமை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றார். இதைத் ‘தனிப்பட்ட வாழ்க்கை’ என்ற கணக்கில் சேர்க்க முடியுமா? பாதிக்கப்பட்ட பெண்களின் முகம் தெரியும் காணொளிகளைப் பென் டிரைவில் ஊரெங்கும் பரப்பியவர்களும் நியாயம் கேட்டவர்கள் அல்லர். அந்தப் பெண்களை இரண்டாம் முறை காயப்படுத்தியவர்கள்.

வதந்தியின் விலையை எப்போதும் பெண்ணே கூடுதலாகக் கொடுக்கிறார். ஆணுக்கு இரண்டு வீடு என்றால் சிரித்துக்கொண்டே ஓட்டுப் போடுகிறார்கள். கணவரைப் பிரிந்த பெண் கவுன்சிலருக்கு நின்றால் தெருவே நாக்கைத் தீட்டுகிறது. இத்தனைக்கும், 2012 இடைத்தேர்தலில் முத்துச்செல்வியையும் 2016இல் ராஜலட்சுமியையும் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தனித்தொகுதி சங்கரன்கோவில். பின்னவர் அமைச்சராகவும் இருந்தார். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டமும் வந்துவிட்டது. அந்த நாற்காலிகளுக்குத் துணிந்து ஆள் வர வேண்டும் என்றால் இந்த வம்பு ஓய வேண்டும்.

கட்சிகள் செய்யவேண்டியதோ தெளிவானது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இலேயே வந்தது. அதன் வரம்புக்குள் அரசியல் கட்சிகளைக் கொண்டுவரக் கோரிய மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நீதிமன்றம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காகக் கட்சிகள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. விதிகளைத் திருத்தி, வெளியாளும் இடம்பெறும் புகார்க் குழுவைத் தாங்களே அமைக்கலாம். சீட்டு கேட்டுப் போகும் பெண்ணிடம் மாவட்டப் பொறுப்பாளர் எல்லை மீறினால் அந்தப் பெண் யாரிடம் முறையிடுவது? ஓட்டுக் கேட்டுத் தெருவுக்கு வரும் ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் சங்கரன்கோவில்காரர்கள் முதலில் இதைக் கேட்கட்டும்.