இல்லமே திருச்சபை: அன்னா தைத்த மேலங்கி



ஆண்டுத் தேர்வுகள் முடிந்து, வைகை மணலில் கால் வைக்க இயலாதபடி சித்திரை வெயில் காயத் தொடங்கியதும், சாமியார் பங்களாவின் திண்ணைக்கு ஆண்டுதோறும் ஒரே கேள்வி வந்து சேருகிறது. "லீவுக்குப் பிள்ளையை எங்கே சாமி அனுப்புவது?" முன்பெல்லாம் பாட்டி வீடு என்ற விடை ஒன்றே இருந்தது. இன்றோ ஓவியம், நாடகம், இசை, நடனம் எனப் பத்து நாள் தங்கிப் பயிலும் முகாம்களின் துண்டறிக்கைகள் கோயில் அறிவிப்புப் பலகையிலேயே தொங்குகின்றன. அரசுப் பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டு முதல் கலைத் திருவிழா நடைபெற்று வருவதால், மேடையின் சுவை அறிந்த பிள்ளைகள் சிற்றூர்களிலும் பெருகியுள்ளனர்.

சென்ற கோடையில் அத்தகைய துண்டறிக்கை ஒன்றை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் நம்மிடம் வந்தார். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு நாட்டுப்புறக் கலை முகாம். பதினான்கு வயது மகள் அங்கே சென்று பறை கற்க விரும்புகிறாள். "இவ அப்பா முடியவே முடியாதுங்கிறார் சாமி. நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

தந்தையை அழைத்துக் கேட்டோம். பெண் பிள்ளையை வெளியூரில் தங்க விட அஞ்சுகிறார் போலும் என்று எண்ணியிருந்தோம். அவர் சொன்னது வேறு. "எங்க அப்பா சாவு வீட்டுக்கெல்லாம் அடிச்சார் சாமி. நடு ராத்திரியில வந்து கூப்பிட்டாலும் போகணும். முடியாதுன்னு சொல்ல முடியாது. கூலி இவ்வளவுன்னு கேக்கவும் முடியாது. நான் படிச்சு வேலைக்கு வந்த பிறகுதான் அந்த மேளம் பரணுக்குப் போச்சு. அதை எம் பொண்ணு எடுத்துத் தோள்ல மாட்டணுமா?"

நாம் உடனே மறுமொழி கூறவில்லை. கூறும் தகுதி நமக்கு இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். அதனைப் பின்னர் சொல்வோம்.

யாருடைய விருப்பம்?

கலைக்காகப் பிள்ளைகளை வீட்டைவிட்டு அனுப்புவது மதுரைக்குப் புதிதன்று. 1918-ஆம் ஆண்டு சங்கரதாஸ் சுவாமிகள் இந்நகரில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை நிறுவினார். அவ்வாண்டிலேயே அதில் சேர்ந்த டி. கே. சண்முகம் அப்போது ஆறு வயதுச் சிறுவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில், வீட்டு வறுமையின் காரணமாக, தமையன் சக்கரபாணியுடன் சேர்ந்தவர்தாம் பின்னர் முதலமைச்சராக விளங்கிய எம். ஜி. ஆர். அக்கம்பெனிகளில் தமிழ் நாடகமும் இசையும் செழித்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் பள்ளிப் படிப்பை இழந்து, தாயின் முகத்தைக் காண நெடுநாள் ஏங்கி, இரவெல்லாம் கண்விழித்து நடித்த அச்சிறுவர்களிடம், "உனக்கு இதில் விருப்பமா?" என்று கேட்டவர் எத்தனை பேர்?

பறையடித்த அந்தப் பெரியவரையும் ஒருவரும் கேட்கவில்லை. இங்கேதான் வேறுபாடு உள்ளது. தாத்தாவின் தோளில் இருந்ததும் பேத்தி கேட்பதும் ஒரே கருவிதான். ஆனால் அவர் மறுக்க உரிமையின்றி அடித்தார்; இவளோ தானே விரும்பிக் கேட்கிறாள். எனவே பிள்ளையை முகாமுக்கு ஆயத்தம் செய்வதில் முதற்படி, பெட்டி வாங்குவதன்று. அவ்விருப்பம் பிள்ளையினுடையதா, நம்முடையதா என்று ஆராய்வதே. பக்கத்து வீட்டுப் பையன் பரிசு வாங்கினான் என்பதற்காகவோ, வீட்டில் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான், பத்து நாளாவது தொல்லை விட்டது என்பதற்காகவோ அனுப்பப்படும் பிள்ளை, கலையைக் கற்பதில்லை. நாட்களை எண்ணவே கற்கிறது.

திருச்சபையும் கலையும்

"கோயிலுக்குப் போகிற பிள்ளைக்குக் கூத்தும் மேளமும் எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையே இன்னும் உளர். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-ஆம் ஆண்டு வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்திலேயே, மறைபரப்பு நாடுகளின் மக்கள் தமக்கெனக் கொண்டுள்ள இசை மரபுகளுக்கு உரிய மதிப்பும் தகுந்த இடமும் அளிக்க வேண்டுமெனப் பணித்தது. 1977-ஆம் ஆண்டு திருச்சியில் அருள்தந்தை எஸ். எம். ஜார்ஜ் கலைக்காவிரியைத் தொடங்கினார். அது நுண்கலைக் கல்லூரியாகவே வளர்ந்தது. திண்டுக்கல்லில் 1990-ஆம் ஆண்டு அருள்சகோதரி சந்திரா சக்தி கலைக்குழுவைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட சமூகத்து இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தார். இழிவு என்று ஒதுக்கப்பட்ட கருவியையே தலைநிமிர்ந்து இசைக்கும்போது இழிவு எவருடையது என்பது விளங்கிவிடுகிறது. அக்குழுவைப் பற்றி அமெரிக்க இசையறிஞர் சோயி ஷெரினியன் ஆவணப்படமும் எடுத்துள்ளார். பறை நமக்கு அயலானதும் அன்று. ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தெண்ணியது தொல்காப்பியம்.

இப்போது நமது குற்றத்தைச் சொல்லவேண்டும். திருநிலைப்படுத்தப்பட்ட புதிதில், உதவிப் பங்குத் தந்தையாக நாம் பணியாற்றிய ஓர் ஊரில், தேர்பவனிக்கு முன்னே பறை வருவது வழக்கம். "சாவு மேளம் தேருக்கு முன் எதற்கு?" என்று சிலர் முறையிட்டனர். நாமும் ஆராயாமல் அதனை நிறுத்திவிட்டுப் பட்டணத்திலிருந்து பேண்டு வாத்தியம் வரவழைத்தோம். அன்று இரவு கோயில் மதிலோரம் மேளங்களோடு அமர்ந்திருந்த நால்வரின் முகங்களை நாம் பார்த்தோம். பார்த்தும் கடந்து சென்றோம். பொதுச்சங்க ஏட்டைக் குருமடத்தில் பாடமாகப் படித்துத் தேர்வு எழுதியவர்தாம் நாம். அறுபது கிலோமீட்டர் தொலைவில் ஓர் அருள்சகோதரி அதே பறையைப் பெண்களின் கையில் கொடுத்துக்கொண்டிருந்த காலமும் அதுவே. இதனை அந்தத் தந்தையிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "போயிட்டு வரட்டும் சாமி" என்றார்.

பெட்டியும் பழக்கமும்

இனி நடைமுறைக் காரியங்கள். முகாமுக்கு ஒரு வாரம் முன்னரே பிள்ளை தன் துணியைத் தானே துவைக்கட்டும்; உண்ட தட்டைத் தானே கழுவட்டும்; பாயில் படுத்து உறங்கட்டும்; அலாரம் வைத்துத் தானே எழட்டும். பெட்டியையும் அதுவே அடுக்கட்டும். தாய் அருகிருந்து சரிபார்த்தால் போதும். வியர்வையை உறிஞ்சும் பருத்தி உடைகள், இரண்டு துண்டுகள், போர்வை, தண்ணீர் பாட்டில், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், ஒரு நோட்டும் பென்சிலும் வேண்டும். வழக்கமாக உட்கொள்ளும் மருந்து இருப்பின், வேளையையும் அளவையும் தாளில் எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பெண் பிள்ளையாயின், தேதி வந்தாலும் வராவிட்டாலும் மாதவிலக்குக்கு வேண்டியவற்றைத் தாய் தவறாமல் வைத்தனுப்புக. நகை வேண்டாம்.

எந்தக் கலையாயினும் முதல் மூன்று நாள் உடம்பு நோகும். பறை அடிப்போர்க்கு அடிக்குச்சி பிடித்த விரல்கள் கொப்புளம் காணும். அடவு போட்ட கால்கள் வீங்கும். இதனை முன்னரே சொல்லி அனுப்பினால் பிள்ளை மலைக்காது.

வீட்டு நினைவு பெரும்பாலும் முதல் சில இரவுகளில் மிகும். "அழுதால் உடனே வந்து அழைத்துக்கொள்கிறேன்" என்று வாக்களித்து அனுப்பாதீர்கள். அவ்வாக்கே பிள்ளையின் மனத்தில் வாயிற்கதவைத் திறந்து வைத்துவிடும். "ஏக்கம் வரும், அது குற்றமன்று, இரண்டு நாளில் தணியும்" என்று சொல்லி அனுப்புங்கள். பேசும் நேரத்தை முகாம் பொறுப்பாளரோடு கலந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏலியின் இல்லம்

விவிலியத்தில் அன்னா தன் மகன் சாமுவேலைச் சீலோவிலிருந்த ஆண்டவரின் இல்லத்தில் விட்டுச் சென்ற வரலாற்றை அறிவீர்கள். நாம் அதில் பெரும்பாலும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. அதே திருத்தலத்தில்தான் ஏலியின் மைந்தர் இருவரும் தீயொழுக்கம் புரிந்துகொண்டிருந்தனர். பலிப்பொருளைக் கவர்ந்தனர், அங்கே பணிசெய்த பெண்களிடம் முறைகேடாக நடந்தனர். தூய இடம் என்பதனாலேயே அது பிள்ளைக்குப் பாதுகாப்பான இடமாகிவிடவில்லை.

ஆதலால் முகாமை நடத்துவோர் குருக்களாயினும், துறவியராயினும், புகழ்பெற்ற வாத்தியாராயினும், கூச்சமின்றிக் கேளுங்கள். பெண் பிள்ளைகள் எங்கே உறங்குவர்? இரவில் உடனிருக்கும் பெண் பொறுப்பாளர் யார்? வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர்கள் பிள்ளைகளோடு தனித்திருக்க நேருமா? பெற்றோர் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கலாமா? அருகிலுள்ள மருத்துவமனை எது? கிணற்றுக்கோ கண்மாய்க்கோ குளிக்க அழைத்துச் செல்வார்களா? நீச்சல் அறியாத எத்தனை பிள்ளைகளை நமது ஊர்க் கிணறுகள் கோடைதோறும் விழுங்கியிருக்கின்றன என்பதை அடக்கத் திருப்பலி நிறைவேற்றும் நாம் அறிவோம். இக்கேள்விகளால் முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம்.

பிள்ளைக்கும் வாய் கொடுத்து அனுப்புங்கள். தன் உடலைத் தீண்டவோ, தகாத பேச்சுப் பேசவோ, இரகசியம் காக்கச் சொல்லவோ எவருக்கும் உரிமை இல்லை என்பதையும், அப்படி நேர்ந்தால் மரியாதை பாராமல் மறுத்து, ஓடிவந்து, சொல்லிவிட வேண்டும் என்பதையும் தெளிவான சொற்களில் கற்பியுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் அனைவரையும் காக்கின்றது. குற்றத்தை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவியாமல் மறைப்பதும் அச்சட்டப்படி குற்றமே. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளை மனப்பாடமாக அறிந்திருக்கட்டும். திருச்சபைக்குள் நேரும் இத்தகைய குற்றங்களைத் திருச்சபை அதிகாரிகளிடம் அறிவிக்கவேண்டியது குருக்களுக்கும் துறவியர்க்கும் கடமை என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ஆம் ஆண்டு ஆணையிட்டார். திருச்சபையின் பெயரைக் காப்பதற்காகப் பிள்ளையின் வாயை மூடுவது கிறிஸ்துவுக்குச் செய்யும் ஊழியம் ஆகாது.

ஏலியிடம் குறைகள் இருந்தன. ஆயினும் ஒரு நன்மை அவரிடம் இருந்தது. நள்ளிரவில் சிறுவன் மும்முறை ஓடிவந்து எழுப்பியபோது அவர் சினந்து விரட்டவில்லை. இறுதியில் அவன் கேட்ட குரல் யாருடையது என உணர்ந்து வழி சொன்னார். பிள்ளை ஓடிவரும்போது கேட்கக்கூடிய பெரியவர் ஒருவர் முகாமில் உண்டா என்று பாருங்கள். முகாமைவிட, உங்கள் வீட்டில் அத்தகைய ஒருவர் உண்டா என்று பாருங்கள்.

அளவு மாறிய பிள்ளை

முகாமின் கடைசி நாளில் பெற்றோரை அழைத்திருந்தனர். நாமும் சென்றோம். மாலையில் அரங்கேற்றத்துக்கு முன், வைக்கோல் மூட்டிப் பிள்ளைகள் பறைகளை அனலில் காய்ச்சிக் கொண்டிருந்தனர். அந்தத் தந்தை முதலில் எட்டவே நின்றார். மகள் அவசரமாகக் காய்ச்சி ஓர் அடி அடித்துப் பார்த்தாள். ஒலி மந்தமாக எழுந்தது. அவர் மெல்ல நடந்து சென்று அவள் கையிலிருந்து பறையை வாங்கி, அனலுக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பிடித்து, தோலை விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். "இன்னும் கொஞ்சம் காயணும்மா. எங்க அப்பா இப்படித்தான் பார்ப்பார்" என்றார். தன் தாத்தாவைப் பற்றி அவர் வாயால் அவள் கேட்ட முதற்சொல் அதுவே என்று தாய் பின்னர் நம்மிடம் சொன்னார்.

வீடு திரும்பிய பிள்ளையிடம் "என்ன பரிசு வாங்கினாய்?" என்று கேளாதீர்கள். "என்ன கற்றாய்? யாரோடு பழகினாய்? எது பிடிக்கவில்லை?" என்று கேட்டு, அது பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள். அன்னா ஆண்டுதோறும் ஒரு சிறு மேலங்கி தைத்துச் சாமுவேலுக்குக் கொண்டு சென்றாள் என்கிறது விவிலியம். கண்ணெதிரே வளராத பிள்ளைக்கு அளவு எப்படித் தெரியும்? சென்ற ஆண்டின் அளவில் தைத்தால் பொருந்தாது. பிள்ளை வளர்ந்திருக்கும் என்று நம்பி, ஒரு பிடி கூட்டித் தைத்திருப்பாள் அத்தாய். பத்தே நாளாயினும் உங்கள் பிள்ளையும் சற்றே அளவு மாறித்தான் திரும்பும். பழைய சட்டைக்குள் அதனைத் திணிக்க முயலாதீர்கள்.

நாம் முன்பு பணியாற்றிய அந்த ஊர் மக்கள் இவ்வேட்டைப் படிக்கக்கூடும். அன்று மதிலோரம் அமர்ந்திருந்த நால்வரிடமும், அவர்தம் பிள்ளைகளிடமும் இதன் வாயிலாக மன்னிப்புக் கேட்கிறோம். வரும் விடுமுறையில் நேரில் வந்தும் கேட்போம். நமது இப்பங்கின் திருவிழாவில் தேருக்கு முன்னே பறை ஒலிக்கும். அடிப்பவர்களுள் ஒருத்திக்கு வயது பதினைந்து.

இறைவன் உங்கள் இல்லங்களையும், இல்லத்தைவிட்டுச் சென்று திரும்பும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.