தோட்டாவை எங்கிருந்து அளப்பது?

ஒகேனக்கல் என்றால் பரிசல், எண்ணெய்க் குளியல், வறுத்த மீன், ஆடிப்பெருக்குக் கூட்டம். பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் ஆங்கிலத்தில் வேட்டைக் கதை படிப்பவர்களுக்கு இந்த ஊர் வேறொரு காரணத்தால் பரிச்சயம். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) எழுதிய ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைக் கதைகளில் ஒகேனக்கல், ஊட்டமலை, பென்னாகரம் எல்லாம் திரும்பத் திரும்ப வரும். இன்று பேருந்தில் போய் இறங்கும் அதே பாதையில்தான் ஒரு காலத்தில் இருட்டிய பிறகு நடக்க ஆட்கள் பயந்தார்கள்.

இந்தக் கதைகளைப் படித்தவர்கள் பேசுவதெல்லாம் தைரியத்தைப் பற்றி. பரண் மீது இரவு முழுக்க அசையாமல் உட்கார்ந்தது, காலடித் தடத்தை வைத்துப் புலியின் வயதைச் சொன்னது, கடைசி நொடியில் சுட்டது... இப்படி. தைரியம் வேண்டியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கடைசி நொடியில் வேலை செய்ய வேண்டியது மனிதன் மட்டுமல்ல, தோட்டாவும்தான். அந்தத் தோட்டா சரியாக இருக்கிறதா என்பது பரண் ஏறுவதற்கு வெகு முன்பே, ஒரு மேசை மீது, ஓர் அளவுகோலின் முன்னால் முடிவாகிவிடுகிறது. அலுப்பூட்டும் அந்த அளவெடுப்புக்கு எந்தக் கதையிலும் இடம் கிடைப்பதில்லை. அதைத்தான் முதலில் பேச வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

முதலில் தோட்டா என்றால் என்ன? பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. இந்த நான்கும் சேர்ந்ததுதான் ஒரு ரைஃபிள் தோட்டா. சுட்ட பிறகு குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாகச் சேர்த்தால் மீண்டும் தோட்டா. அமெரிக்கா போன்ற நாடுகளில் இது வீட்டுக் கொட்டகையில் செய்யும் பொழுதுபோக்கு. இந்தியாவில் அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இது செய்முறைக் குறிப்பு அல்ல, அளவெடுப்பது பற்றிய வாதம் மட்டுமே.

குண்டைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழத்துக்குச் செருகுவது? பார்க்கச் சின்னக் கேள்வி. ரைஃபிள் குழலின் உட்புறத்தில் திருகு மரை போல வரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டைச் சுழல வைத்து நேராகப் போகச் செய்வது அந்த மரைதான். தோட்டாவைக் குழலுக்குள் போட்டதும் குண்டுக்கும் மரை தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கும். குண்டு கூட்டை விட்டு வெளியேறி, அந்த இடைவெளியைத் தாண்டி, மரையில் ஏறுகிறது. இடைவெளி தோட்டாவுக்குத் தோட்டா மாறினால் குறியும் மாறலாம். குண்டு மரையை ஏற்கெனவே தொட்டு அழுத்திக்கொண்டிருந்தால் உள் அழுத்தம் ஏறும். மருந்தை ஏற்கெனவே உச்ச அளவுக்குப் போட்டிருந்தால் அது ஆபத்து. மறுபுறம், அளவுக்கு மீறி ஆழமாகச் செருகினால் கூட்டுக்குள் இடம் குறைகிறது. சிறிய கூடுகளில், முக்கியமாகக் கைத்துப்பாக்கித் தோட்டாக்களில், அதனாலும் அழுத்தம் ஏறும்.

சரி, அளந்துவிட்டால் போயிற்று! ஒரு வெர்னியரை எடுத்துத் தோட்டாவின் அடியிலிருந்து குண்டின் நுனி வரை அளந்தால் என்ன? புதிதாகத் தொடங்கும் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். இங்கேதான் தவறும் தொடங்குகிறது.

குண்டின் நுனி நம்பத்தகுந்த இடமே அல்ல. மென்மையான ஈய முனை உள்ள குண்டுகள் பெட்டியில் ஒன்றோடொன்று மோதியே நசுங்கும். முனையில் துளை உள்ள குண்டுகளில் அந்த விளிம்பு ஒன்றுபோல் இருக்காது. ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு குண்டுகளின் நீளத்தில் கூட வித்தியாசம் இருக்கும். போதாக்குறைக்கு, நுனி மரையைத் தொடுவதே இல்லை. மரையைத் தொடுவது குண்டின் வளைந்த தோள்பட்டை. நுனியிலிருந்து சரிந்து வந்து குண்டு முழுப் பருமனை எட்டும் இடம் அது. ஆங்கிலத்தில் ஓஜைவ் என்பார்கள். நுனி வரை அளப்பது, வகுப்பில் உயரம் அளக்கும்போது தூக்கி வாரிய தலைமுடியையும் சேர்த்து அளப்பது போல. எண் கிடைக்கும், அதுவும் இரண்டு தசம இடங்களோடு அழகாகக் கிடைக்கும். ஆனால் அது ஆளின் உயரம் அல்ல.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் கம்பேரேட்டர் என்ற சிறு கருவி. அளவியின் ஒரு தாடையில் மாட்டும் ஓர் உலோகத் துண்டு. அதில் குண்டின் விட்டத்தை விடச் சற்றுச் சிறிய துளை. குண்டின் நுனி அதற்குள் போய்விடும், தோள்பட்டை துளையின் விளிம்பில் உட்காரும். இப்போது கிடைக்கும் அளவு அடியிலிருந்து தோள்பட்டை வரையிலானது. நுனி நசுங்கினாலும் நீண்டாலும் கவலையில்லை.

மரை எங்கே தொடங்குகிறது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கென்று தனிக் கருவிகள் விற்கிறார்கள். பழைய வழி ஒன்றும் உண்டு. தோட்டா இல்லாத ரைஃபிளில் போல்ட்டை மூடி, தட்டை முனைக் கம்பி ஒன்றை வாய்ப்புறமாகச் செலுத்தினால் அது போல்ட் முகப்பில் போய் நிற்கும். குழல் வாயருகே கம்பியில் ஒரு கோடு. பிறகு போல்ட்டைத் திறந்து, ஒரு தனிக் குண்டை மரையைத் தொடும்வரை மெல்லத் தள்ளி நிறுத்தி, கம்பியை அதன் நுனியில் முட்ட வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரமே அந்தக் குறிப்பிட்ட குண்டு மரையைத் தொடும்போது தோட்டாவுக்கு இருக்க வேண்டிய நீளம். அதே குண்டை மருந்தில்லாத ஒரு வெற்றுக் கூட்டில் அந்த நீளத்துக்குச் செருகி, கம்பேரேட்டரால் மறுபடி அளந்தால் நுனியின் குளறுபடி கணக்கிலிருந்து கழன்றுவிடும்.

பதினோராம் வகுப்பு இயற்பியல் ஆய்வகத்தை மறக்காதவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். மீச்சிற்றளவு என்ன? சுழிப்பிழை என்ன? இந்தத் துறையில் பேசப்படும் அலகு ஆயிரத்தில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 0.025 மில்லிமீட்டர். தலைமுடியின் பருமனே அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். சாதாரண டிஜிட்டல் அளவி 0.01 மி.மீ. வரை எண் காட்டும், ஆனால் அதன் உண்மையான துல்லியம் ஏறத்தாழ 0.02 மி.மீ.தான். அதாவது அளக்கப்படும் பொருளும் அளவியின் பிழையும் கிட்டத்தட்ட ஒரே அளவு! திரையில் எண் தெரிவது வேறு, அந்த எண் உண்மையாக இருப்பது வேறு.

இருந்தும் இந்த முறை ஏன் வேலை செய்கிறது? காரணம், இங்கே தேவைப்படுவது முழு நீளம் அல்ல, இரண்டு நீளங்களின் வித்தியாசம். ஒரே அளவி, ஒரே கம்பேரேட்டர், ஒரே கை அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் சுழிப்பிழை இரண்டு அளவுகளிலும் ஒன்றாக இருந்து கழித்தலில் காணாமல் போகும். நண்பரின் கம்பேரேட்டரில் வந்த எண்ணை வாங்கிக்கொண்டு வந்து தன் ரைஃபிளுக்குப் பொருத்துபவர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார். இன்னொன்று, சுடச் சுட மரையின் தொடக்கம் வெப்பத்தால் அரிக்கப்பட்டு முன்னோக்கி நகர்ந்துகொண்டே போகும். போன வருடம் எடுத்த அளவு போன வருடத்துக்குத்தான் பொருந்தும்.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். தலைமுடியில் பாதிக்காக மல்லுக்கட்டுவது எல்லா இடத்திலும் அவசியமா? இல்லை. வெதர்பி ரைஃபிள்களில் குண்டு மரையை எட்டவே கணிசமான தூரம் தாவ வேண்டும், அவையும் நன்றாகவே சுடுகின்றன. கணக்காகவும் பார்க்கலாம். ஒரு ரைஃபிள் 100 கஜத்தில் ஒரு அங்குல வட்டத்துக்குள் சுடுகிறது, இன்னொன்று இரண்டு அங்குல வட்டத்துக்குள் என்று வைத்துக்கொண்டால், 1000 கஜத்தில் வித்தியாசம் 10 அங்குலம். போட்டியில் அது பதக்கத்தையே மாற்றும். ஆனால் பரணிலிருந்து 20 கஜத்தில் சுடும்போது அதே வித்தியாசம் வெறும் 5 மில்லிமீட்டர். புலிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆண்டர்சனுக்குப் பிடித்தது வின்செஸ்டர் 1895 மாடல், .405 தோட்டா போடும் லீவர் ரைஃபிள். இந்தத் தோட்டா 1904இல் வந்தது. 1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனதும் இதைத்தான். 1950களில் இதன் தயாரிப்பு நின்றுபோனது, 2000களின் தொடக்கத்தில்தான் புத்துயிர் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்த ரைஃபிளை வைத்திருந்தவர்களுக்குப் பழைய இருப்பு தீர்ந்தால் கையால் நிரப்புவதே வழி. இப்படிப்பட்ட ரைஃபிளில் ஆழத்தைத் தீர்மானிப்பது மரையின் தூரம் அல்ல. தோட்டா பெட்டிக்குள் அடங்க வேண்டும், லீவரை இழுத்தால் சிக்காமல் ஏற வேண்டும், முதல் வெடியின் உதைப்பில் பெட்டியில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் இடம் பெயரக் கூடாது. அதற்காகவே குண்டில் ஒரு பள்ளம் வெட்டி, கூட்டின் வாயை அதில் மடித்துக் கவ்வ வைக்கிறார்கள். இங்கே அளவு என்றால் இரண்டாவது தோட்டா நிச்சயமாக ஏறும் என்ற உத்தரவாதம். காயம்பட்ட சிறுத்தை பாய்ந்து வரும்போது வேண்டியது 5 மில்லிமீட்டர் நுட்பம் அல்ல, அந்த இரண்டாவது வெடி.

ஆக, துல்லியம் என்பது சிறிய எண்ணைத் துரத்துவது அல்ல. எதற்காக அளக்கிறோம் என்று தெரிந்து, அதற்குரிய இடத்திலிருந்து அளப்பது.

இந்தப் பாடத்தின் மறுபக்கம் இன்னும் கசப்பானது. காட்டோரத்தில் புழங்கிய நாட்டுத் துப்பாக்கிகளில் கூடும் கிடையாது, மரையும் கிடையாது. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டையோ ரவையையோ போட்டு, கம்பியால் கெட்டிக்க வேண்டும். அந்தக் கம்பியில் போட்டு வைத்த ஒரு கோடுதான் அங்கே இருக்கும் ஒரே ஆழ அளவு. கோடு குழல் வாயோடு பொருந்தினால் குண்டு மருந்தின் மேல் அமர்ந்துவிட்டது என்று பொருள். பொருந்தாமல் நடுவில் இடைவெளி விட்டால் குழலே வெடித்துச் சுட்டவரின் கையையோ கண்ணையோ எடுத்துவிடலாம். அவசரத்தில், இருட்டில், பயத்தில் அந்தக் கோட்டை யார் பார்த்தார்கள்? கைக்கு வந்தபடி மருந்து, கிடைத்த ஈயம். விலங்கு சாகவில்லை, காயத்தோடு ஓடியது.

அப்படிக் காயத்தோடு ஓடியவற்றின் கதைதான் பல ஆட்கொல்லிகளின் கதை. 1907இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாக அவர் எழுதினார். அதன் வலப்பக்கக் கோரைப் பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன என்றும், வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர் பக்கம் திரும்பியது என்றும் குறிப்பிட்டார். தென்னாட்டுக் காடுகளைப் பற்றி எழுதிய ஆண்டர்சனும் கள்ள வேட்டைக்காரர்களின் துப்பாக்கிக் காயங்களை இதே காரணமாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். எவனோ ஒருவன் ஓர் இரவில் அளக்காமல் போட்ட குண்டுக்கு, விறகு பொறுக்கப் போன பெண்களும் மாடு மேய்த்த பிள்ளைகளும் விலை கொடுத்தார்கள். வேட்டைக் கதையின் வீரனைக் கொண்டாடுபவர்கள் இந்த முதல் வெடியைப் பற்றிப் பேசுவதில்லை. கதை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்திகள் அந்தப் பக்கத்திலிருந்து இன்றும் வருகின்றன. அந்தத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் செய்வதுதான் சரி, அவற்றைத் துல்லியமாக்குவது அல்ல. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ரைஃபிள் போட்டிகளிலும் ஒலிம்பிக்கில் பயன்படுவது .22 தோட்டாவும் காற்றுத் துப்பாக்கி ரவையும்தான், இரண்டையும் மறுபடி நிரப்ப முடியாது. ஆகவே நம் ஊர் மாணவர் ஒருவர் வாழ்நாளில் ஒரு கம்பேரேட்டரைத் தொடவே போவதில்லை.

அப்புறம் இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்? ஆய்வகத்தில் எண் வந்தவுடன் ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்பும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. எந்த இடத்திலிருந்து அளந்தோம், அந்த இடம் நிலையானதா, கருவியின் பிழை எவ்வளவு, எதற்காக இந்த அளவு என்ற நான்கு கேள்விகளையும் யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் ஆய்வகத்தில் இரண்டு மதிப்பெண் போகும். ஊட்டமலைக் காட்டில் போனது மதிப்பெண் அல்ல. அடுத்த முறை ஆண்டர்சன் கதை ஒன்று கையில் கிடைத்தால், கடைசிப் பக்கத்துக்கு ஓடாமல், அந்த விலங்குக்கு முதல் காயம் எப்படி வந்தது என்று தேடிப் பாருங்கள்.