பி.பி. பார்த்தீர்களா, சார்?

பி.பி. என்றால் நமக்கு ரத்தக் கொதிப்பு. மாமனார்களுக்கு வரும். டாக்டர் ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்தச் சொல்வார். எண்ணெய் உலகத்தில் பி.பி. என்றால் வேறே. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்று முழுப் பெயரில் உலவிய மகா பெரிய கம்பெனி. இந்த வாரம் அந்த பி.பி.யைத்தான் பார்க்கப் போகிறோம். கடைசியில் இரண்டு பி.பி.யும் ஒன்றுதான் என்று தோன்றினால் நான் பொறுப்பல்ல!

பெரிய எண்ணெய் கம்பெனிகளில் சுற்றுச்சூழல், ஆரோக்கியம், பாதுகாப்பு மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரு டிபார்ட்மென்ட் வைத்திருப்பார்கள். 'விபத்தில்லாத நாட்கள் இத்தனை' என்று போர்டு வைப்பது, ஹெல்மெட் போடாதவனைப் பிடிப்பது, மாசக் கடைசியில் மேலிடத்துக்குக் கணக்கு அனுப்புவது எல்லாம் இவர்கள் வேலை. அந்தக் கணக்கில் ரொம்ப நாள் ராஜாவாக இருந்த அயிட்டம் 'லாஸ்ட் டைம் இன்ஜுரி'. அதாவது ஒரு தொழிலாளி அடிபட்டு, மறுநாள் வேலைக்கு வர முடியாமல் போனால் ஒன்று என்று எண்ணிக்கொள். வழுக்கி விழுந்தான், விரல் நசுங்கியது, ஏணியிலிருந்து சறுக்கினான், இந்த ரகம். எண்ணுவது சுலபம். கிராஃப் போட்டால் அழகாகச் சரியும். போனஸுக்கும் தோது.

நல்ல விஷயம்தானே என்கிறீர்களா? இருங்கள்.

அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி என்று ஓர் ஊர். அங்கே அப்போது பி.பி.யின் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. 2004-ல் அதன் காயக் கணக்கு பிரமாதம், தொழில்துறை சராசரியைவிடக் குறைவு. 2005 மார்ச் 23 அன்று, ஒரு மாதமாக யாருக்கும் அடிபடவில்லை என்பதைக் கொண்டாட மதியம் விருந்துகூட நடந்தது.

அதே நேரத்தில் பக்கத்தில் 170 அடி உயர கோபுரம் ஒன்றில் எண்ணெய் ஏறிக்கொண்டிருந்தது. பராமரிப்புக்குப் பிறகு மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். அளவு காட்டும் கருவிக்குச் சுமார் 9 அடிக்கு மேல் அளக்கத் தெரியாது. உள்ளே 158 அடி வரை போய்விட்டது. கருவியோ, மட்டம் மெதுவாக இறங்குகிறது என்று சாதித்தது! அபாய மணி ஒன்று அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை. ஆபரேட்டர்களில் சிலர் 29 நாளாக ஒரு நாள்கூட லீவு இல்லாமல், தினம் 12 மணி நேரம் உழைத்தவர்கள். எண்ணெய் பொங்கி, புகைபோக்கி மாதிரியான ஒரு குழாய் வழியே வெளியே கொட்டி, ஆவியாகப் பரவி, மதியம் 1.20-க்கு வெடித்தது. அருகில் தாற்காலிக அறைகளிலும் அவற்றை ஒட்டியும் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 15 பேர் இறந்தார்கள். 180 பேருக்குக் காயம்.

அந்தக் குழாய் முதல் தடவையாகக் கக்கியதா? இல்லை. 1994 முதல் 2004 வரை எட்டு தடவை ஆபத்தான ஆவி வெளியே வந்திருக்கிறது. யாரும் விழவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. ஆகவே போர்டில் ஏறவில்லை.

விசாரணைக் குழு ஒன்று அமைத்தார்கள். தலைவர், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர். 2007 ஜனவரியில் வந்த அறிக்கையின் சாரம் இது: காயங்கள் குறைந்ததைப் பார்த்து, ஆலையே பத்திரமாக இருக்கிறது என்று கம்பெனி தப்பாக நினைத்துவிட்டது. ஆள் வழுக்கி விழுவது வேறு, ஆலை வெடிப்பது வேறு. முதலாவதை எண்ணி இரண்டாவதைத் தெரிந்துகொள்ள முடியாது.

இதுதான் சார் விஷயம். தினமும் எடை மெஷினில் ஏறி நின்று 'அரை கிலோ குறைஞ்சிட்டேன்' என்று குதிப்பவர், பி.பி. பார்ப்பதே இல்லை என்றால் என்ன ஆகும்? எடை உண்மை. குதிப்பும் நியாயம். ஆனால் ஆபத்து வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

சரி, பாடம் கற்றார்களா?

2010 ஏப்ரல் 20. மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்ற மிதக்கும் துரப்பண மேடை. கிணறு பி.பி.யுடையது, மேடை டிரான்ஸோஷன் கம்பெனியுடையது. அன்று இரண்டு கம்பெனிகளின் பெரிய அதிகாரிகளும் ஹெலிகாப்டரில் வந்திறங்கினார்கள். ஏழு வருஷமாக லாஸ்ட் டைம் இன்ஜுரி இல்லை என்பதற்காகப் பாராட்ட! அன்று மாலை கிணற்றைச் சோதித்தபோது ஒரு குழாயில் 1,400 பி.எஸ்.ஐ. அழுத்தம். பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். எச்சரிக்கை அதைவிடத் தெளிவாக வராது. அதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்து வேலையைத் தொடர்ந்தார்கள். ராத்திரி மேடை வெடித்தது. 126 பேரில் 11 பேர் போனார்கள். எண்ணெய் 87 நாள் கடலில் கொட்டியது.

நான் படித்த பி.காமில் இதைவிட விசித்திரமான கணக்கைப் பார்த்ததில்லை: அடுத்த வருஷம் டிரான்ஸோஷன் தன் அறிக்கையில், 11 பேர் இறந்த துயரத்தையும் சொல்லிவிட்டு, புள்ளிவிவரப்படி பாதுகாப்பில் 2010-தான் கம்பெனி வரலாற்றிலேயே சிறந்த வருஷம் என்றது. பாதுகாப்பு போனஸும் உண்டு! ஊரே கொதித்த பிறகு, உயர் அதிகாரிகள் அந்த போனஸை இறந்தவர்களின் குடும்ப நிதிக்குக் கொடுத்தார்கள். கணக்கில் பொய் இல்லை, கவனியுங்கள். கூட்டல் சரி. கூட்டிய அயிட்டம்தான் தப்பு. பெட்டி கேஷில் ஒரு ரூபாய் குறைந்தால் ஆபீஸைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, பேங்க் கடன் கழுத்தை நெரிப்பதைப் பார்க்காத அக்கவுண்டன்ட் மாதிரி.

பின்னே எதைத்தான் எண்ணுவது? அதே 2010-ல் அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் ஒரு வழிமுறை வெளியிட்டது. நம்பர் 754. ஆபத்துகளை நாலு படியாக அடுக்கிக்கொள். மேல் படியில் பெரிய கசிவு. அடுத்து சின்னக் கசிவு. அதற்கும் கீழே, நூலிழையில் தப்பித்த சம்பவங்கள். அடிப் படியில் தள்ளிப்போட்ட பரிசோதனை, முடிக்காத ரிப்பேர் எல்லாம். கீழ்ப்படியைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் மேல்படிக்குத் தீ ஏறுவது கஷ்டம்.

இதில் ஒரு சிக்கல். கீழ்ப்படியை எண்ண ஆரம்பித்தால் நம்பர் ஏறும்! 'போன மாசம் மூணு கசிவு, இந்த மாசம் முப்பதா?' என்று மேனேஜர் முறைத்தால், அடுத்த மாசம் பூஜ்யம் வரும். கசிவு நிற்காது, சொல்வதுதான் நிற்கும். கெட்ட செய்தி கொண்டுவருகிறவனுக்கு டீ வாங்கிக் கொடுக்கிற மேனேஜர் இருக்கிற ஆலையில்தான் அந்த 754 வேலை செய்யும்.

உங்கள் ஆபீஸில் எண்ணெய்க் கோபுரம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ரெவ்யூ மீட்டிங் இருக்கும், சரிகிற கிராஃப் இருக்கும், எல்லாரும் கை தட்டுவார்கள். தட்டுங்கள். தட்டி முடித்ததும் 'நாம எதை அளக்கலை சார்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முதல் தடவை முறைப்பார்கள்.

கேக் வெட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. கத்தியை எடுப்பதற்கு முன்னால், பி.பி. எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.