ஒரு ஓட்டில் திறந்த கல்லூரிக் கதவு

1944 ஜூன் 9ஆம் தேதி இரவு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கார் தலைதெறிக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர் ஜான் கிப்சன், நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்திருந்தவரைத் தேடிப் பிடித்துக் காரில் ஏற்றியிருந்தார்கள். புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் அவருக்காக விமானம் காத்திருந்தது. மறுநாள் காலைக்குள் அவர் வாஷிங்டனில் இருந்தாக வேண்டும்.

எதற்கு இத்தனை அவசரம்? ஒரே ஒரு ஓட்டுப் போடுவதற்கு!

அதற்கு மூன்று நாள் முன்னால்தான் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் இறங்கியிருந்தன. அங்கே குண்டு மழையில் நனைந்துகொண்டிருந்த பையன்கள் உயிரோடு ஊர் திரும்பினால், அடுத்து என்ன செய்வார்கள்? இந்தக் கேள்விக்கான பதில்தான் கிப்சனின் அந்த ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அறுபது டாலரும் ஒரு ரயில் டிக்கெட்டும்

முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு அரசாங்கம் கொடுத்தது 60 டாலர் பணமும், ஊர் போய்ச் சேர ரயில் டிக்கெட்டும்தான். பிறகு 1924இல் ஒரு போனஸ் அறிவித்தார்கள். ஆனால், அதைக் கையில் வாங்க 1945 வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

நடுவில் வந்தது பொருளாதாரப் பெருமந்தம். வேலை போனது, வீடு போனது, பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லை. ‘1945இல் தரப்போகும் பணத்தை இப்போதே கொடுங்கள்’ என்று கேட்டு, 1932இல் பல்லாயிரம் முன்னாள் வீரர்கள் மனைவி மக்களோடு வாஷிங்டனுக்கு வந்து கூடாரம் போட்டார்கள். பதிலாக வந்தது ராணுவம். ஜெனரல் டக்ளஸ் மெக்கார்தர் தலைமையில் வந்த படை, கண்ணீர்ப் புகை வீசி அவர்களை விரட்டியது. கூடாரங்கள் தீயில் எரிந்தன. நாட்டுக்காகச் சண்டை போட்டவர்களை நாட்டின் ராணுவமே துரத்தியடித்த காட்சியை அமெரிக்கர்கள் லேசில் மறக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் சீருடை போட்டவர்கள் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேலை தேடித் தெருவுக்கு வந்தால் மறுபடியும் மந்தம்தான் என்று பொருளாதார நிபுணர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் பிறந்ததுதான் ‘ஜி.ஐ. பில்’. ஜி.ஐ. என்பது அமெரிக்கச் சிப்பாயைக் குறிக்கும் செல்லப் பெயர்.

அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் முன்னாள் தேசியத் தலைவர் ஹாரி கோல்மெரி. கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரத்து வக்கீல். 1943 டிசம்பரில் வாஷிங்டனின் மேஃப்ளவர் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, ஹோட்டல் வைத்திருந்த கடிதத் தாளிலேயே சட்டத்தின் வரைவைக் கைப்பட எழுதினார்.

அதில் மூன்று முக்கிய உதவிகள் இருந்தன. வீடு, பண்ணை, தொழிலுக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன். வேலை கிடைக்கும் வரை வாரம் 20 டாலர், அதிகபட்சம் 52 வாரங்கள். மூன்றாவது, படிப்பு. குறைந்தது 90 நாள் பணியாற்றியிருந்தால் போதும். கல்லூரிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் வருடத்துக்கு 500 டாலர் வரை அரசு கட்டும். கைச்செலவுக்குத் தனி ஆளுக்கு மாதம் 50 டாலர், குடும்பஸ்தருக்கு 75. அப்போது ஹார்வர்டின் வருடக் கட்டணமே சுமார் 400 டாலர்தான். அதாவது, ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன் ஹார்வர்டுக்குப் போகலாம், பணம் தடையாக இருக்காது!

செனட்டும் பிரதிநிதிகள் சபையும் தனித்தனியாக மசோதாவை நிறைவேற்றிவிட்டன. இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் கூட்டுக் குழுவில்தான் சிக்கல் வந்தது. பிரதிநிதிகள் சபைத் தரப்பில் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். எதிர்த்தவர்களுக்குத் தலைமை மிசிசிப்பியின் ஜான் ராங்கின். கறுப்பின வீரர்களுக்கும் வாரம் 20 டாலர் போய்விடும் என்பது அவருடைய பெரிய கவலை. ஊரில் இருந்த கிப்சன் தன் ஓட்டை எழுத்து மூலம் ராங்கினிடம் ஒப்படைத்திருந்தார். அதைப் பயன்படுத்த ராங்கின் மறுத்துவிட்டார். மசோதா குழுவிலேயே செத்துப்போகும் நிலை. அதனால்தான் அந்த ராத்திரிப் பயணம்.

ஜூன் 10 காலையில் கிப்சன் வந்து சேர்ந்து ஓட்டுப் போட்டார். முட்டுக்கட்டை உடைந்தது. ஜூன் 22 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

‘இவர்களுக்கெல்லாம் படிப்பு வருமா?’

சட்டம் வந்ததும் முகம் சுளித்தவர்களில் கல்விமான்களும் இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், கல்லூரிகள் வேலையற்ற நாடோடிகள் தங்கும் முகாம்களாகிவிடும் என்று 1944 கடைசியில் பத்திரிகையில் எழுதினார். ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட்டுக்கும், தகுதி குறைந்தவர்கள் வந்து குவிந்துவிடுவார்களே என்ற கவலை இருந்தது.

வந்து குவிந்தது உண்மைதான். 1947இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் 49 சதவீதம் பேர் முன்னாள் படைவீரர்கள்! வகுப்பறை போதவில்லை, விடுதி போதவில்லை. ராணுவம் கழித்துப்போட்ட அரைவட்டத் தகரக் கொட்டகைகளைக் கொண்டுவந்து கல்லூரி வளாகங்களில் நிறுத்தினார்கள். இல்லினாய் பல்கலைக்கழகம், போர்க்காலத்தில் கடற்படைப் பயிற்சி நடந்த சிகாகோ நேவி பியர் என்ற படகுத்துறையிலேயே 1946இல் ஒரு கிளையைத் தொடங்கியது. மாணவன் என்றால் கல்யாணம் ஆகாத பதினெட்டு வயசுப் பையன் என்ற எண்ணம் மாறிப்போனது. கொட்டகை வாசலில் குழந்தைத் துணி காய, உள்ளே அப்பா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

படித்தார்கள் என்றால், சாதாரணமாகவா? சின்னப் பையன்களுக்கு ‘இந்த ஆட்களால் மதிப்பெண் போட்டி கடுமையாகிவிட்டதே’ என்று எரிச்சல் வருகிற அளவுக்குப் படித்தார்கள். ஹார்வர்டுக்கு இதுவரை வந்ததிலேயே பக்குவமான மாணவர்கள் இவர்கள்தான் என்று அதே கோனன்ட் பிறகு மனசாரப் பாராட்டினார்.

பாப் டோல் ஓர் உதாரணம். 1945 ஏப்ரலில் இத்தாலியில் படுகாயமடைந்தவர். மூன்று வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வாசம். வலது கை கடைசி வரை பயன்படவில்லை. ஜி.ஐ. பில் உதவியோடு கல்லூரிக்குப் போனார். வேகமாகக் குறிப்பெடுக்க முடியாது. எனவே ஒலிப்பதிவுக் கருவியை வகுப்புக்குச் சுமந்து போனார். இரவில் அதைப் போட்டுக் கேட்டு, இடது கையால் மெல்ல மெல்ல எழுதிக்கொண்டார். கோல்மெரி வக்கீலாக இருந்த டொபீகாவில் இருக்கும் வாஷ்பர்ன் பல்கலைக்கழகத்தில் 1952இல் சட்டப் பட்டம் வாங்கினார். பின்னாளில் செனட் உறுப்பினர், 1996இல் ஜனாதிபதி வேட்பாளர்.

1956இல் அந்த முதல் சட்டத்தின் காலம் முடிந்தபோது, 78 லட்சம் பேர் அதன் மூலம் படிப்போ பயிற்சியோ பெற்றிருந்தார்கள். அதில் கல்லூரிக்குப் போனவர்கள் மட்டும் 22 லட்சம். வேலையில்லாதவர்களுக்கு என்று ஒதுக்கிய வாரம் 20 டாலர் நிதியில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற கணக்கும் தப்பாகிப்போனது.

சட்டத்தில் இருந்தது, கவுன்டரில் இல்லை

சட்டத்தின் எந்த வரியிலும் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கவில்லை. ஆனால், விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்துவது உள்ளூர் அலுவலகம். இடம் கொடுப்பது உள்ளூர் கல்லூரி. தென் மாநிலங்களில் இரண்டுமே வெள்ளையர் கையில்.

சார்ஜென்ட் ஜோசப் மேடக்ஸ் என்ற கறுப்பின வீரருக்கு ஹார்வர்டில் முதுகலை படிக்க இடமே கிடைத்துவிட்டது. உள்ளூர் படைவீரர் நல அலுவலகம் பணம் தர மறுத்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் அமைப்பு ஒன்று வாஷிங்டனில் தலையிட்ட பிறகுதான் அவருக்குச் சேர வேண்டியதைத் தருவதாக வாக்குறுதி வந்தது. அப்படிக் கேட்க ஆள் இல்லாதவர்கள் எத்தனையோ பேர். கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த கல்லூரிகள் சிறியவை. இடமில்லை என்று ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

பெண்களிலும் விடுபட்டவர்கள் உண்டு. போர்க்காலத்தில் ராணுவ விமானங்களை ஓட்டிய ‘வாஸ்ப்’ பெண் விமானிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 38 பேர் பணியில் உயிரை விட்டார்கள். ஆனால் அவர்கள் ‘சிவிலியன்’ ஊழியர்கள் என்று சொல்லிவிட்டது அரசு. முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்து கிடைத்தது 1977இல். கல்லூரி வயது எப்போதோ கடந்துபோயிருந்தது.

மெட்கர் எவர்ஸின் கதை இன்னும் கனமானது. ஐரோப்பியப் போர்முனையில் இருந்து திரும்பியவர், ஜி.ஐ. பில் உதவியில் மிசிசிப்பியின் அல்கார்ன் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1954இல் மிசிசிப்பி பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். கறுப்பர் என்பதால் கதவு சாத்தப்பட்டது. அவர் ஓயவில்லை. விமானப் படையில் ஒன்பது வருடம் இருந்த ஜேம்ஸ் மெரிடித், அதே பல்கலைக்கழகத்தில் சேரப் போராடியபோது துணை நின்றார். 1962இல் மெரிடித் உள்ளே நுழைந்த நேரத்தில் வெடித்த கலவரத்தில் இருவர் இறந்தார்கள். நாட்டின் படையில் ஒன்பது வருடம் இருந்தவர் வகுப்பறைக்குப் போக, ஆயிரக்கணக்கில் படையை இறக்க வேண்டியிருந்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில் மெரிடித் பட்டம் வாங்கினார். அதைப் பார்க்க எவர்ஸ் இல்லை. ஜூனிலேயே தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

இன்றைய வீரருக்கு

சட்டம் பல முறை உரு மாறியது. 1980களில் வந்த வடிவத்தில், படையில் சேர்ந்தவர் முதல் வருடம் மாதம் 100 டாலர் வீதம் 1,200 டாலரைத் தன் சம்பளத்தில் இருந்து கொடுக்க வேண்டியிருந்தது. வியட்நாம் போரில் சண்டையிட்ட செனட்டர் ஜிம் வெப்புக்கு இது உறுத்தியது. பதவியேற்ற கையோடு 2007 ஜனவரியில் புது மசோதா கொண்டுவந்தார். 2008இல் அது சட்டமானது.

இப்போது முழுத் தகுதி உள்ளவருக்கு 36 மாதப் படிப்பு உதவி. சொந்த மாநில அரசுக் கல்லூரி என்றால் முழுக் கட்டணமும் நேராகக் கல்லூரிக்கே போய்விடும். வீட்டு வாடகைப் படி தனி, புத்தகத்துக்கு வருடம் 1,000 டாலர் வரை தனி. ஆறு வருடம் பணியாற்றி, மேலும் நான்கு வருடம் இருக்கச் சம்மதித்தால், இந்த உரிமையை மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ மாற்றிக் கொடுக்கலாம். முன்பெல்லாம் 15 வருடத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். 2013 முதல் பணியில் இருந்து வந்தவர்களுக்கு அந்தக் கெடுவை 2017இல் நீக்கினார்கள். அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயர், ஹாரி கோல்மெரி!

பணம் இருக்கும் இடத்துக்கு ஈ மொய்க்காமல் இருக்குமா? லாபத்துக்கு நடத்தப்படும் கல்லூரிகள் தங்கள் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய மாணவர் உதவி நிதியில் இருந்து பெறக்கூடாது என்று விதி. ஆனால் படைவீரர் படிப்புப் பணம் அந்தக் கணக்கில் சேரவில்லை. விளைவு, சீருடைக்காரர்களைத் துரத்தித் துரத்தி ஆள் சேர்த்தார்கள். சில நிறுவனங்கள் திடீரெனப் பூட்டிக்கொண்டு போக, மாணவர்களின் 36 மாதக் கணக்கில் பாதி கரைந்திருக்கும், கையில் பட்டம் இருக்காது. மூடிய கல்லூரியில் கரைந்த மாதங்களைத் திருப்பித் தர 2017 சட்டம் வழி செய்தது. 90 சதவீத விதியின் ஓட்டையை 2021இல்தான் அடைத்தார்கள்.

அதே 2021இல் நாடாளுமன்றத்துக்கு இன்னொரு மசோதாவும் வந்தது. இரண்டாம் உலகப் போரின் கறுப்பின வீரர்களுக்கு அன்று கிடைக்காமல் போன உதவியை அவர்களுடைய வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டது அது. மசோதாவின் பெயரில் இருக்கும் இரண்டு வீரர்களில் ஒருவர், ஹார்வர்டில் இடம் கிடைத்தும் உள்ளூர் கவுன்டரில் நிறுத்தப்பட்ட ஜோசப் மேடக்ஸ்.

1944இல் ஒரு ஓட்டைக் கொண்டுவர ஒரே ராத்திரி போதுமானதாக இருந்தது. அந்த ஓட்டு கொடுத்த உரிமை எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்து சேரவில்லை. அன்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.