டு த நீட்ஃபுல்!

நாக்பூர்ல எங்க கிளையில நான் ஒருத்தன்தான் தமிழ். "மதராஸி இங்கிலீஷ் நல்லா எழுதுவான்"னு இந்தப் பக்கம் ஒரு நம்பிக்கை. அதனால மேலிடத்துக்குப் போற மெயில் எல்லாம் என் தலையில. நானும் பெருமையாத்தான் எழுதிக்கிட்டிருந்தேன். (பி.காம்ல கடிதம் எழுதுறதுக்கு நல்ல மார்க் வாங்கினவனாக்கும்!)

போன வருஷம் ஒரு அம்மா. வீட்டுக்காரர் தவறிட்டார். டெபாசிட்டுக்கு நாமினி கிடையாது, தொகை கிளையோட அதிகாரத்துக்கு மேல. மண்டல அலுவலகம் அனுமதி தரணும். பேப்பரெல்லாம் வாங்கி மெயில் போட்டேன். ஆரம்பத்துல "வித் ரெஃபரன்ஸ் டு தி அபோவ் சப்ஜெக்ட்", நடுவுல "ஃபார் யுவர் கைண்ட் பெருசல்", கடைசியில "ப்ளீஸ் டு த நீட்ஃபுல்". மூணு பேருக்கு சிசி வேற. பதில் வந்தது, "நோட்டட்"னு.

அனுமதி வேலை நடக்குதுன்னு நான் நினைச்சேன். சும்மா தகவலுக்கு அனுப்பியிருக்கான்னு அவங்க நினைச்சாங்க. ஆச்சு 37 நாள். பேப்பர் எல்லாம் கைக்கு வந்த 15 நாளுக்குள்ள முடிக்கணும்னு ரிசர்வ் வங்கி சொல்லுது. அந்த அம்மா பஸ் ஏறி வந்து எதிர்ல உட்காருவாங்க. நான் கம்ப்யூட்டரையே பார்த்துக்கிட்டிருப்பேன்.

யாரைக் குத்தம் சொல்ல? இவர், இதை, இந்தத் தேதிக்குள்ள செய்யணும்னு என் மெயில்ல ஒரு வரி இல்லையே. 'நீட்ஃபுல்'னா என்னன்னு எழுதினவனே சொல்லலைன்னா படிக்கிறவன் ஜோசியமா பார்ப்பான்?

"அதெல்லாம் மரியாதை சார்"னு சண்டைக்கு வருவீங்க. எது மரியாதை? வெள்ளைக்காரன் கத்துக்கொடுத்த ஆபீஸ் பாஷை இது. அவனுக்கே இது சலிச்சுப்போய், அரசாங்கக் கருவூலமே கேட்டு, ஏர்னஸ்ட் கோவர்ஸ்னு ஒரு பழுத்த அதிகாரி எளிமையா எழுதச் சொல்லி 'பிளைன் வேர்ட்ஸ்'னு புத்தகம் போட்டார். வருஷம் 1948! நாம இன்னும் அவன் கழட்டிப்போட்ட கோட்டை மாட்டிக்கிட்டு வேர்த்துக்கிட்டிருக்கோம். 'ரிவர்ட்' நம்ம சொந்தச் சரக்கு. பதில் போடுன்னு நாம சொல்றோம், லண்டன்ல இருக்கறவனுக்கு அது பழைய நிலைக்கே திரும்பிப்போன்னு கேட்கும்.

வணக்கமும் முடிவும் வேண்டாம்னு சொல்லலை. 'டியர் சர்'னா 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி', பேர் போட்டா 'சின்சியர்லி', அது இருக்கட்டும். ஒரு 'ப்ளீஸ்' போதும்.

38வது நாள் நாலே வரி எழுதினேன். தலைப்புலயே "இறந்தவர் டெபாசிட், அனுமதி தேவை, வெள்ளிக்கிழமைக்குள்". சிசி கிடையாது, ஒரே ஆளுக்கு. ரெண்டு நாள்ல அனுமதி வந்துடுச்சு.

இப்ப திருநெல்வேலியிலேர்ந்து ஒரு பையன் புதுசா சேர்ந்திருக்கான். நேத்து ஒரு டிராஃப்ட் காட்டினான், நாலு இடத்துல 'கைண்ட்லி'. "யாருப்பா சொல்லிக்கொடுத்தா?"ன்னேன். "உங்க பழைய மெயிலைப் பார்த்துத்தான் சார்"ங்கறான்.