சுங்கப் பணமும் நகர ரயில்களும்

நியூயார்க் நகரத்தின் மான்ஹட்டன் தீவில், 60-வது வீதிக்குத் தெற்கே மோட்டாரில் நுழைவோரிடம் 2025 ஜனவரி 5-ம் தேதி முதல் கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள். பகல் வேளையில் கார் ஒன்றுக்கு 9 டாலர். இப்பணம் சாலைக்குச் செலவாவதில்லை. பூமிக்கடியில் ஓடும் ரயில்களுக்கும், பஸ்களுக்கும், புறநகர் ரயில்களுக்கும் போகிறது. “ரயிலில் ஏறாத நாங்கள் ரயிலுக்கு ஏன் பணம் கொடுக்கவேண்டும்?” என்று மோட்டார்காரர்கள் ஆக்ஷேபிக்கின்றனர். இந்த ஆக்ஷேபத்தை அலட்சியமாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. ஆனால் அதற்குரிய பதில் அந்நகரத்தின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1936-ம் வருஷத்தில் டிரைபரோ பாலம் திறக்கப்பட்டது. அதன் அதிகாரியாயிருந்த ராபர்ட் மோஸஸ் என்பவர் மகா சமர்த்தர். பாலத்திற்காக வாங்கிய கடன் சுங்கத்தினால் அடைபட்டதும் சுங்கமும் நின்றுவிடும் என்பதே ஜனங்களின் எண்ணம். அவரோ வரும் சுங்கத்தை ஈடுகாட்டி மேன்மேலும் கடன் பத்திரங்கள் வெளியிட்டு, பாலங்களும் சாலைகளுமாகக் கட்டிக்கொண்டே போனார். சுங்கப் பெட்டி நிரம்பி வழிந்தது. லக்ஷக்கணக்கான தொழிலாளரும் குமாஸ்தாக்களும் ஏறிச்சென்ற ரயில்களோ பராமரிப்பின்றிச் சீர்கெட்டன. ஜனங்களின் பணம் ஓர் அதிகாரியின் சொந்த ராஜ்யமாக மாறிவிட்டதென்று சொன்னால் அது மிகையாகாது. 1968-ல் கவர்னர் நெல்ஸன் ராக்பெல்லர் அந்த ஸ்தாபனத்தை நகரப் போக்குவரத்து நிர்வாகத்துடன் இணைத்தார். அதுமுதல், பாலங்களின் செலவும் கடன் தவணையும் போக மிஞ்சும் சுங்கம் ரயில்களுக்கும் பஸ்களுக்கும் உதவி வருகிறது. ஆகவே 2025-ல் செய்தது புதுமையான காரியமன்று.

நியாயமும் ரயில் பிரயாணிகளின் பக்கமே இருக்கிறது. அவர்கள் அத்தனை பேரும் ஒருநாள் காலையில் காரில் ஏறிப் புறப்பட்டால், மோட்டார்காரருடைய வண்டி ஓர் அங்குலமாவது நகருமா? ரயில் ஓடுவதால் காலியாகும் வீதியில்தான் அவர் சவாரி செய்கிறார். அந்தச் சௌகரியத்திற்கு அவர் ஒரு விலை கொடுப்பதில் அநீதி எதுவும் இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு மாதத்தில் முதல் பத்துத் தடவைக்குப் பிறகு பாதிக் கட்டணம் என்ற சலுகையும் உண்டு.

சர்க்காரின் ஊசலாட்டத்தைத்தான் நாம் கண்டிக்கிறோம். சட்டம் நிறைவேறியது 2019-ல். 15 டாலர் என்று நிர்ணயித்து, ஆரம்பிக்கச் சில வாரங்களே இருக்கையில், 2024 ஜூன் மாதத்தில் கவர்னர் ஹோக்குல் வாழ்க்கைச் செலவைக் காரணம் காட்டி நிறுத்திவைத்தார். பின்பு அதே வருஷம் நவம்பரில் 9 டாலராகக் குறைத்து மீண்டும் கொணர்ந்தார். 2025 பிப்ரவரியில் வாஷிங்டன் சர்க்கார் தன் அனுமதியை வாபஸ் வாங்குவதாக அறிவிக்கவே, விவகாரம் கோர்ட்டுக்குச் சென்றது.

இவ்வளவு தடுமாற்றத்திற்கும் இடையே சட்டத்தில் நல்ல அம்சம் ஒன்று இருக்கிறது. வரும் பணத்தில் 80 சதவிகிதம் நகர ரயில், பஸ்களுக்கும், மீதம் இரண்டு புறநகர் ரயில்களுக்குத் தலைக்குப் 10 சதவிகிதமாகவும் போகவேண்டும் என்று அது வரையறுக்கிறது. எனினும் இவ்வருமானத்தை நம்பித் திரட்ட உத்தேசித்த தொகை 1,500 கோடி டாலர். கடனும் சுங்கமும் சேர்ந்து என்ன செய்யுமென்பதை மோஸஸ் காலத்திலேயே அந்நகரத்தார் பார்த்திருக்கின்றனர். எந்த ஸ்டேஷனில் லிப்ட் வைத்தார்கள், எந்தப் பாதையில் பழைய சிக்னலை மாற்றினார்கள் என்று வருஷந்தோறும் பகிரங்கமாகக் கணக்குக் காட்டும்படி மோட்டார்காரரும் ரயில் பிரயாணியும் சேர்ந்தே கேட்கவேண்டும்.