அம்மாவுக்குக் கேட்கிறதா?

எங்கள் தாமானில் யார் வீட்டுக்காவது புது ஹோம் தியேட்டர் வந்தால் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வீட்டு ஜன்னல் கண்ணாடி சொல்லிவிடும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இது கொஞ்சம் அதிகம். ஸ்கூடாய் பக்கம் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். வாங்கிய ஒவ்வொருவரும் என்னை அழைத்துக் காட்டியிருக்கிறார்கள். காட்டிவிட்டு, "பேஸ் எப்படிண்ணே?" என்றுதான் கேட்பார்கள். வசனம் புரிந்ததா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நானும் அப்படி வாங்கியவன்தான். 2009இல் ஜொகூர் பாருவில் ஒரு கடை. விற்பனையாளர் ஓர் ஆங்கிலப் படத்தின் வெடிகுண்டுக் காட்சியைப் போட்டார். என் சட்டை ஆடியது, நானும் ஆடிப்போனேன். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 2000 வாட் என்று போட்டிருந்தது, பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. அந்த நான்கெழுத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது, ஒரு கணநேர உச்சத்தைத் தயாரிப்பவர் விருப்பப்படி பெருக்கிப் போடலாம் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் சிங்கப்பூரில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. வீட்டுக்கு வந்து பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தேன். அது இழுக்கும் மின்சாரம் 90 வாட். தொண்ணூறை வாங்கிக்கொண்டு இரண்டாயிரத்தைக் கொடுக்கும் இயந்திரம் நிஜமாக இருந்தால் தெனாகா நேஷனல் அதற்குக் கோயிலே கட்டியிருக்கும்.

அன்று ராத்திரி குடும்பத்தோடு உட்கார்ந்து படம் பார்த்தோம். இடி இடித்தது, கார் வெடித்தது, சாமி மேடையில் இருந்த பித்தளை விளக்கு கிடுகிடுவென்று நகர்ந்தது. அம்மா அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவன் என்னடா சொல்றான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷம் ஆனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சம்பளம் போட்ட பிறகு ஏதாவதொரு சனிக்கிழமை, திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களாம். லயத்து ஜனமெல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு சாயங்காலமே போய் இடம் பிடிக்கும். பிந்தி வந்தவர்களுக்குத் துணியின் பின்பக்கம்தான். அங்கே எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார். "ஆனா பேசறது ரெண்டு பக்கமும் நல்லா கேட்டுச்சு" என்பார் அம்மா. கேட்காமல் என்ன? குழாய் ஸ்பீக்கர் துணியை ஒட்டியே இருந்தது. முகம் எங்கேயோ குரலும் அங்கே. பெரிய தியேட்டர்களிலும் இதே ஏற்பாடுதான்: திரையில் கண்ணுக்குத் தெரியாத பொடித் துளைகள், அதற்குப் பின்னால் ஸ்பீக்கர்கள்.

இன்றைய டிவி விரல் தடிமனுக்கு மெலிந்துவிட்டது. ஸ்பீக்கருக்கு முன்பக்கம் இடமில்லை. பெரும்பாலானவற்றில் அது தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ பேசுகிறது. வயதானால் காது முதலில் இழப்பது உச்ச அதிர்வெண்களை. சகரமும் தகரமும் தேய்ந்துபோய், உயிரெழுத்துகள் மட்டும் வந்து சேரும். அம்மாவுக்குச் சத்தம் கேட்காமல் இல்லை, சொல்தான் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினால் இடியும் சேர்ந்து கூடும். இடிக்கும் அவருக்கும் ஒருநாளும் பகை இருந்ததில்லை.

ஐந்து புள்ளி ஒன்று என்கிறார்களே, அதில் ஐந்து என்பது முன்னால் மூன்று, பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு. ஒன்று என்பது தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர். 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிட்டலாகத் தியேட்டருக்குள் வந்து, டிவிடி வழியாக வீட்டு ஹாலுக்குள் புகுந்தது. இந்த ஆறில் நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வசனத்தின் பெரும்பகுதி வருகிறது. ஆனால் பெட்டியாக விற்கும் மலிவு செட்டுகளில் கஞ்சத்தனம் விழுவதும் அங்கேதான். என்னுடைய 2009 செட்டில் சென்டர் ஸ்பீக்கர் மைலோ டின் அளவுதான் இருந்தது. சப்வூஃபரோ அரிசித் தோம்பு மாதிரி.

ஆகவே என் கட்சி இது. கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு சென்டர் ஸ்பீக்கருக்கு. அடுத்தது இடது, வலது. சப்வூஃபர் அதற்குப் பிறகு, பின் ஸ்பீக்கர்கள் அடுத்த போனஸில். பெட்டியோடு ஆறும் வந்தால்தான் மரியாதை என்று நினைப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். முன்னால் மூன்று நல்ல ஸ்பீக்கர் இருக்கும் வீடு, மட்டமான ஆறு இருக்கும் வீட்டைவிட நன்றாகப் படம் பார்க்கும்.

நான் இரண்டாம் முறை கட்டியது முழுக்க செக்கண்ட் ஹேண்ட். சிங்கப்பூரில் வீடு மாறுகிறவர்கள் ஸ்பீக்கர்களை இயக்கும் நல்ல ரிசீவர்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பிளக்கும் நம்முடைய அதே மூன்று முள் பிளக், மின்னழுத்தமும் ஒத்துப்போகும். சுங்கத்தில் காட்டிவிட்டுத்தான் கொண்டுவந்தேன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். ரிசீவரும் முன் மூன்று ஸ்பீக்கரும் சேர்ந்து ஆயிரத்து நூறு வெள்ளி ஆனது. பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் முன் துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பைப் பார்க்கட்டும். அது ஃபோமாக இருந்தால் நம் ஊர் ஈரப்பதத்தில் சில வருஷத்தில் முறுக்கு மாதிரி நொறுங்கும். ரப்பர் விளிம்பு தாங்கும். பால்மரத்துக்கு நாம் பட்ட கடனில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வைக்கும் இடத்துக்குக் காசு செலவில்லை, ஆனால் அதிகம் கெடுவது அங்கேதான். எத்தனையோ வீடுகளில் ஐந்து ஸ்பீக்கரும் டிவி அலமாரியிலேயே குடும்பப் படம் மாதிரி வரிசையாக நிற்கின்றன. இடதும் வலதும் நாற்காலியிலிருந்து பார்த்தால் ஆளுக்கு முப்பது டிகிரி விலகி இருக்க வேண்டும். அதாவது உங்களோடு சேர்ந்து ஒரு சமபக்க முக்கோணம். பின் இரண்டும் காதுக்குச் சற்றுப் பின்னால், தலைக்குக் கொஞ்சம் மேலே. சென்டர் டிவிக்கு நேர் கீழே இருந்தால், முன்பக்கம் சற்று நிமிரும்படி அடியில் ஏதாவது கொடுங்கள். என் வீட்டில் கொடுத்திருப்பது இரண்டு கதவுத் தடுப்பான்கள்.

அடுத்தது தரை. நம் தாமான் வீடுகள் எல்லாமே டைல்ஸ், வெறும் சுவர், அலுமினிய ஜன்னல். ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் 'கிர்ர்' என்று ஒரு வால் நீண்டால், ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த வால் உண்டு என்று அர்த்தம். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு தடித்த கம்பளம், ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை. நோன்புப் பெருநாள் மலிவு விற்பனையில் நூற்றைம்பது வெள்ளிக்கு வாங்கிய கம்பளம் செய்த வேலையை, அதற்கு முன் நான் மாற்றிப்பார்த்த விலை உயர்ந்த ஒயர்கள் செய்யவில்லை. ஒயர் கலப்படமில்லாத செம்பாக இருந்து, சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர்ந்தால் போதும்.

சப்வூஃபரை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அதற்கு இடம் தேட ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. நீங்கள் உட்காரும் இடத்தில் அதைத் தூக்கி வைத்து, தாழ்ந்த ஒலியுள்ள பாட்டைப் போட்டுவிட்டு, ஹாலைச் சுற்றி மண்டிபோட்டுத் தவழ வேண்டும். எங்கே ஒலி சீராகக் கேட்கிறதோ அதுதான் அதன் இடம். நான் தவழ்ந்தபோது மகள் சிரித்துச் சிரித்து விக்கினாள். அம்மா, "என்னத்தடா தொலைச்ச?" என்று தானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். கிடைத்த இடம் மாடிப்படிக்குக் கீழே. சாமி மேடை விளக்கு அதன் பிறகு நகரவில்லை.

இருந்தும் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். என் வரிசை வீட்டின் அகலம் இருபது அடி, ஆறு மீட்டர். அலையே வீட்டின் அகலத்தைவிடப் பெரியது; இவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சுவரும் சரியாகத் தடுக்காது. பொதுச்சுவரைத் தாண்டி அஹ்மாட் பாச்சிக் வீட்டுக்குத்தான் போகும். அவர் அதிகாலை சுபுஹுக்கு எழுகிறவர். ஒருநாள் வேலியோரம் நின்று, "நேற்றுப் படத்தில் ஹீரோ செத்துவிட்டானா?" என்று மலாயில் கேட்டார். புகார் சொல்வதில் இப்படி ஒரு நாகரிகம் இருக்கிறது. அன்றிலிருந்து பத்து மணிக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிடுவேன். ரிசீவரில் இரவுக்கென்றே ஓர் அமைப்பு உண்டு. உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லிய ஒலியை உயர்த்தும். வரிசை வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் அந்த மெனுவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்?

திறந்தால், டிவி மெனுவையும் சேர்த்து, இன்னும் இரண்டையும் பாருங்கள். டிவியின் ஒலி அமைப்பு பி.சி.எம். என்று நின்றால் பல டிவிகள் இரண்டு தடத்தை மட்டுமே வெளியே அனுப்பும். ஐந்து ஸ்பீக்கர் வாங்கியவர் வருஷக்கணக்கில் இரண்டைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றுங்கள். பிறகு ரிசீவரில் சென்டரை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டுங்கள். அம்மா கேட்ட கேள்விக்கு என் வீட்டில் கிடைத்த பதில் முக்கால்வாசி இந்த ஒரு வரியில் அடங்கும். கடைசியாக ஒன்று: வெளியே இடி மின்னல் என்றால் பிளக்கோடு ஆன்டெனா ஒயரையும் பிடுங்கிவிடுங்கள். ஜொகூர் மழைக்கு ஒரு ரிசீவரைப் பலி கொடுத்தவன் சொல்கிறேன்.

எல்லாம் பூட்டி முடித்த அன்று 'கன்னத்தில் முத்தமிட்டால்' போட்டேன். 2002இல் வந்த படம். அதன் ஒலிப்பதிவுக்காக ஏ.எஸ். லட்சுமிநாராயணனுக்கும் எச். ஸ்ரீதருக்கும் தேசிய விருது கிடைத்தது. ஸ்ரீதர் 2008இல் காலமாகிவிட்டார். கடைசிக் காட்சியில் மழைக்கு நடுவே, பெற்ற தாயிடம் சிறுமி கேள்வி மேல் கேள்வி கேட்பாள். மழை ஹால் முழுக்கப் பெய்தது. குழந்தையின் குரல் டிவிக்கு நேர் கீழிருந்து, நனையாமல் வந்தது. அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கு அவ பதில் சொல்லாம போறா பாரு" என்றார்.

இந்தத் தீபாவளிக்கு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் வெடிகுண்டுக் காட்சியைப் போட வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு பேர் மெல்லப் பேசும் காட்சி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். வீட்டில் காது மந்தமான பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்; அவர் தலையாட்டிய பிறகு பணத்தை எடுங்கள்.